பாரம் பிரிக்கிற கொக்கி

யூன் 28, சனி

புழுக்கம். மழை வருமென்றார்கள், வரவில்லை.

ட்ரெய்லர்க் கதவைத் திறந்தால் அதே நாற்றம். போன கிழமை வினாகிரி போட்டு உரஞ்சினேன். இன்றைக்கு பேக்கிங் சோடா. ஒன்றுக்கும் அசையவில்லை. எலி செத்துக் கிடக்கும் என்கிறாள் மகள் அபி. வாசற்படியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்கிறாள், மகாராணி உள்ளே வரமாட்டா. அலுமாரிக்குப் பின்னால், கதிரைக்குக் கீழே, எல்லாம் பார்த்தாயிற்று. புழுக்கை இருக்கிறது, எலி இல்லை. முன்பக்கக் கட்டிலுக்குக் கீழே பலகை அடித்திருக்கிறது. வெளியிலிருந்து ஒரு சின்னக் கதவு, பூட்டு. அதன் திறப்பு இவருடைய சாவிக்கோர்வையில் இல்லை. தண்ணீர்க் குழாய் போகிற இடம், ஒன்றும் இருக்காது என்று அத்தான் சொன்னார்.

காட்டுக்கு இழுத்துக்கொண்டுபோய்த் தங்கவென்று இவர் போன புரட்டாதியில் வாங்கியது. விற்றவனே இழுத்துக்கொண்டுவந்து டிரைவ்வேயில் விட்டுவிட்டுப் போனான். அன்றைக்கே சொன்னேன். ஒவ்வொரு கோடையும் பார்க்கில் ஒன்றுகூடல் என்று ஊர்ச்சனத்துக்கெல்லாம் புரியாணி கிண்டுகிறவள் நான். காட்டுக்கு வந்தும் நான்தான் அடுப்பில் நிற்கவேணும் என்றால் நான் வரமாட்டேன், நீங்களும் உங்கள் ட்ரெய்லரும் போங்கோ என்று. சிரித்துக்கொண்டு நின்றார். மாசியில் ஒரு காலை வேலைக்கு வெளிக்கிட்டு, சப்பாத்து நாடா கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ட்ரெய்லர் ஒரு அடி உருளவில்லை.

பின்னேரம் அத்தான் வந்தார். இவருடைய தமையன் என்ற உரிமையில் சப்பாத்தோடு குசினி வரைக்கும். அஜக்ஸிலிருந்து வந்த களைப்பாம், தேத்தண்ணி வேணும். ட்ரெய்லருக்கு ஆள் பிடித்துவிட்டாராம். வேலையிடத்து ஆள், அடுத்த மாதம் இருபதாம் திகதிக்குள் வந்து இழுத்துக்கொண்டு போவானாம். நாற்றத்துக்கு விலை குறைப்பானாம். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

அவர் போனபிறகு அபி போனைக் காட்டினாள். அப்பாவின் ஈமெயிலில் கிடந்ததாம். வடக்கே ஒரு ஏரிக்கரையில் இடம், யூலை 18 வெள்ளி தொடக்கம் மூன்று இரவு. இடம் பதிந்து ஒரு கிழமையில் ஆள் போய்விட்டார்.

அபிக்குச் சொன்னேன், 18ம் திகதி நான் கொண்டுபோகப் போகிறேன்.

“அம்மா, யூ கான்ற் ஈவன் பார்க் த ட்ரக்.”

அதுவும் சரிதான்.

யூலை 1, செவ்வாய்

கனடா தின லீவு. வெயில். பக்கத்து வீட்டில் காலையிலேயே வெடி.

அத்தான் ஒரு நாளும் இல்லாத அக்கறையோடு வந்தார். நான் கொண்டுபோகப் போகிறேன் என்பதை அபி அவரின் பெட்டைக்குச் சொல்லி, அவள் அவருக்குச் சொல்லி. பாரம் பிரிக்கிற கொக்கி ஒன்று வாங்க வேணும் என்று நான் வாய் திறந்ததும் பிடித்துக்கொண்டார்.

“உதெல்லாம் கொம்பனிக்காரன் காசு புடுங்கிற வேலை, வசந்தி. குண்டில கொழுவினாக் காணும். ஊரில ட்ரக்டருக்குப் பின்னால பெட்டி கட்டி நாங்கள் கல்லு மண் ஏத்தேல்லையோ?”

காட்டுகிறேன் பார் என்று இவருடைய ட்ரக்கைப் பின்னுக்கு எடுத்து, அதன் வாலில் இருக்கிற வெறும் இரும்புக் குண்டில் ட்ரெய்லரைக் கொழுவினார். ட்ரக் நாய் குந்தின மாதிரிக் குந்தியது. முன்சக்கரம் எழும்பிவிட்டது. லைட்டைப் போட்டால் வெளிச்சம் எதிர்வீட்டு மேல்மாடி ஜன்னலில். அந்தச் சீனக்கிழவி திரைச்சீலையை விலக்கிப் பார்த்தா.

அத்தான் எழும்பின முன்சக்கரத்தைக் காலால் தட்டினார். பிறகு, ஓடத் தொடங்கினால் சரியாகிவிடும் என்றார். கழற்றிவிட்டு, சூட்டிறைச்சி தின்னப் போய்விட்டார்.

மிச்சநாள் முழுக்க வீடியோ. தாடிக்காரர்கள். ஒவ்வொருவனும் பத்து நிமிசம் தன் நாயைப் பற்றிக் கதைத்துவிட்டுத்தான் விசயத்துக்கு வருகிறான். அபி தமிழில் சொல்லச் சொல்ல நான் விளங்கிக்கொண்டது:

- ட்ரெய்லரின் மூக்கு ட்ரக்கின் குண்டில் எவ்வளவு பாரத்தை வைக்கிறது என்று முதலில் அறிய வேண்டும். அதற்குப் பெயர் நாக்குப் பாரம். (எங்கட ஆக்களின் நாக்கை வைத்தால் தராசு உடையும்.)
- கொக்கிக்கு இரண்டு பக்கமும் வில்லுக்கம்பி. அதை இறுக்கினால் பின்னால் குந்துகிற பாரம் ட்ரக்கின் முன்சக்கரத்துக்கும் ட்ரெய்லரின் சக்கரத்துக்கும் பிரிந்து போகும்.
- கம்பி வலு குறைந்தால் பிரயோசனமில்லை. கூடினால் ட்ரெய்லரை உலுப்பி உடைக்கும்.
- வால் ஆடாமல் பிடிக்க இன்னொரு கம்பி. மலிவானதில் அது தனி. விலை கூடியதில் சேர்ந்தே இருக்கும்.

பாரம் குறையாது, பிரித்துத்தான் கொடுக்கும் என்றான் ஒரு தாடி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று ஹோலில் மைக்கைப் பிடித்து, உங்கள் துயரத்தில் பங்கெடுக்கிறோம் என்று சொன்னவர்களை நினைத்தேன். வடையைப் பங்கெடுத்துக்கொண்டு போனவர்கள்.

யூலை 5, சனி

அனல். எங்கள் வெக்ஸ்போர்ட்டில் இருந்து நகரத்தின் மற்ற அந்தத்துக்கு, பழைய கொக்கி ஒன்று பார்க்க. அத்தான் சொல்லிவிட்ட இடம். எங்கட பொடியன்தான், ஏமாத்தமாட்டானாம்.

எங்கட பொடியன் அரைக்காற்சட்டையோடு கராஜுக்குள்ளிருந்து வந்தான். முதலில் அங்கிளின் செத்தவீட்டுக்கு வரமுடியாமல் போனதற்கு மன்னிப்பு. பாவம் நல்ல மனிசன். அதே மூச்சில், இன்றைக்கே எடுத்தால் இன்னும் குறைக்கலாம் அன்ரி.

கொக்கி ஒரு பழைய துவாயில் சுற்றிக் கிடந்தது. கறள், கறுத்த கிறீஸ், கிறீசில் ஒட்டிச் செத்த இலையான்கள். தொட்ட விரல் இன்னும் வெளுக்கவில்லை. எத்தனை றாத்தல் தாங்கும் என்ற ஸ்ரிக்கர் உரிந்துவிட்டது. ஒரு வில்லுக்கம்பியை நிலத்தில் வைத்தால் மற்றது மாதிரிப் படுக்கவில்லை, நடுவில் எழும்பி நிற்கிறது. கேட்டால், அது ஃபோர்ம் அப்படித்தான் அன்ரி என்கிறான். இரண்டில் ஒன்றுக்கு மட்டுமா ஃபோர்ம்?

அபி குண்டைத் துடைத்து வாசித்தாள். இரண்டு இஞ்சி. எங்கள் ட்ரெய்லருக்கு அதைவிடப் பெரியது வேண்டும். சின்னக் குண்டில் பெரிய மூக்கை வைத்தால் பள்ளத்தில் விழுந்ததும் துள்ளிக் கழன்றுவிடும். எனக்கே தெரிகிறது.

“லூசா இருக்கும், ஆனா கழராது அன்ரி. நம்பி எடுங்கோ.”

நம்பி எடுக்கிறதற்கு இது என்ன வீட்டுப் பூசைப் பிரசாதமா. திரும்பி வந்தோம். காருக்குள் அபி சிரித்தாள். பெப்ரவரிக்குப் பிறகு முதல்தரம் அவள் சிரித்துக் கேட்டேன். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

யூலை 6, ஞாயிறு

வெயில், காற்று. நாக்குப் பாரம் நிறுத்தோம்.

முறை: தடித்த பலகை. ஒரு அந்தம் கல்லில், மற்ற அந்தம் குளியலறைத் தராசில். கல்லிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் ட்ரெய்லர் மூக்கை இறக்க வேண்டும். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்க வேண்டும். அதற்கு எட்டாம் வகுப்புக் காணும்.

தராசு இவருடையது. நாள்தோறும் நிறுத்துப் பார்க்கச் சொல்லி டொக்டர் சொன்னது. ஏறும்போது இரண்டு விரலால் கைகழுவுகிற பேசினைப் பிடித்துக்கொள்வார், குறைத்துக் காட்டும் என்று. கதவிடுக்கால் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். யாரை ஏமாற்றினார்.

மூன்று தரம் இறக்கினோம். மூன்று தரமும் பெருக்கினால் எண்ணூறு றாத்தல் தாண்டுகிறது. ட்ரெய்லர்க் கடதாசியில் ஐந்நூற்றுத் தொண்ணூறு என்று இருக்கிறது. காஸ் சிலிண்டரும் பற்றறியும் சேர்த்தாலும் இவ்வளவு வராது. இந்தப் பாரத்துக்கு மலிவுக் கொக்கி தாங்காது. அதற்கு மேலே உள்ளது விலை இரண்டு மடங்கு. எனக்குக் கட்டாது.

அத்தான் மாமரக்கன்றுக்குச் சாடி தேடி வந்தவர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“தராசு பிழை. தம்பி ஏறி ஏறி நசிஞ்சிருக்கும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். செத்தவனை நிறுத்துச் சிரிப்பு. நான் சாடி கொடுக்கவில்லை.

யூலை 8, செவ்வாய்

சலாட் பக்டரி. இரண்டு கையுறை போட்டும் விரல் விறைப்பு. அழுகின கீரைப் பெட்டி ஒன்று வந்தது, திறந்ததும் சளி மாதிரி ஒழுகியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அழுகினது என்றால் என் பக்கம்தான் தள்ளுவார்கள், நான் சத்தி எடுக்கமாட்டேன் என்று.

கூட வேலைசெய்கிற கிளி அக்கா இடைவேளையில் பக்கத்தில் வந்து இருந்தா. கேள்விப்பட்டாவாம்.

“ஒரு வருச ஆட்டைத் திவசம் முடியமுந்தி ட்ரெய்லரில ஊர் சுத்தப் போறாய் எண்டு சனம் கதைக்குது, வசந்தி. நான் சொல்லேல்லை. கதைக்குது.”

சனம் என்பது யார் என்று கேட்டேன். சொல்லமாட்டாவாம். தன் சோற்றுப்பெட்டியில் இருந்த இறால் பொரியலில் ஒன்றைக்கூட எனக்குத் தராமல் அந்தச் சனத்துக்காக அவ்வளவு கவலைப்பட்டா.

கோயிலுக்குள் ஒரு வருசம் போகக்கூடாது என்கிற அதே ஆட்கள்தான், பெரிய வாகனம் எடுத்தால் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்யாமல் ரோட்டில் விடக்கூடாது என்றும் சொல்கிறார்கள். வாகனம் உள்ளே போகலாம், நான் வெளியே நிற்க வேண்டுமா?

காய்ச்சல் வருகிற குணம். நேரத்தோடு படுத்தேன்.

யூலை 10, வியாழன்

தூறல். லீவு சொல்லிவிட்டு அபியோடு வடக்கே ட்ரெய்லர்ச் சாமான் கடை.

கடைக்காரன் வெள்ளைக்காரக் கிழவன். என்னைப் பார்க்காமல் அபியோடுதான் கதைத்தான். அம்மாவின் கணவர் வருகிறாரா, அவருடன் கதைத்தால் சுகமாக இருக்கும் என்றானாம். அபியின் முகம் சுருங்கிப் போனது. வரமாட்டார், என்னோடு கதைக்கச் சொல் என்றேன். அவன் விளங்கிக்கொண்டான் போல. தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டான். அது வேறு.

காட்டினது மூன்று.

விலை கூடியது: ஆட்டம் பிடிக்கிறது எல்லாம் சேர்ந்தது. பெட்டியே மினுங்குது.
நடு: அதே சாமான், வேறு பெயர், வேறு நிறம்.
மலிவு: சங்கிலி போட்டது. சின்னக் கம்பி, பெரிய கம்பி என்று இரண்டு அளவில். ஆட்டம் பிடிக்கிற கம்பி தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும். ஓடும்போது சத்தம் போடும். ஆனால் வேலை செய்யும்.

எண்ணூறு தாண்டுகிறது என்றதும் கிழவன் தலையாட்டினான். சின்னக் கம்பி காணாது. பெரிய கம்பி போட்டதென்றால் மலிவிலும் என் கைக்கு எட்டாது. அந்த அளவு ட்ரெய்லரில் அவ்வளவு வரக்கூடாது, முன்பக்கப் பெட்டிக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். ஒன்றுமில்லை, குழாய் என்றேன். சிரித்தான். அது சாமான் வைக்கிற இடமாம், குழாய் ஒன்றும் அதற்குள் போவதில்லையாம். பூட்டு, திறப்பில்லை என்றேன். மேசை லாச்சியைத் திறந்து ஒரு பேணி நிறையத் திறப்பு எடுத்தான். எல்லாம் ஒரே திறப்பு. முக்கால்வாசி ட்ரெய்லருக்கு ஒரே திறப்புத்தானாம். ஒன்றைச் சும்மா தந்தான்.

பத்து மாதம் பூட்டிக் காவல் வைத்தது, தெருவில் போகிற எவனும் திறக்கிற பூட்டு.

வெள்ளைக்காரனிடம் சாமானை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். எதை என்று சொல்லவில்லை.

யூலை 11, வெள்ளி

வெயில் ஏறுமுன் திறந்தேன்.

நாற்றம் முகத்தில் அறைந்தது. சத்தி எடுக்கமாட்டேன் என்று பெயரெடுத்தவள் புல்லுக்குள் குந்தி எடுத்தேன். இரண்டு தரம்.

கருவாடு. ஒரு பெரிய பொலித்தீன் பை, கட்டாவும் சுறாவும். குளிர் முழுக்க உறைந்து கிடந்து, கோடை பிடித்ததும் உருகி, எலி கிழித்து, புழு வைத்து, பலகையெல்லாம் ஒழுகியிருக்கிறது. கரடி திரிகிற காட்டுக்குக் கருவாடு கொண்டுபோக எங்கட ஆளைத் தவிர வேறு யாருக்குத் தோன்றும். அதையும் பத்து மாதம் முந்தியே ஏற்றிவைக்க. கடையில் மலிவாகப் போட்டிருப்பான், அள்ளியிருப்பார்.

அபியை எழுப்பவில்லை. மூன்று பை கட்டி, குப்பைக்குள் போட்டு, குப்பைத் தொட்டிக்கு மேலே கல் வைத்தேன்.

அதற்குப் பின்னால் இன்னொன்று. என்னுடைய ஊதாச் சேலையில் சுற்றி. அந்தச் சேலையை நான் தேடாத இடமில்லை. கிளி அக்கா கொண்டுபோய்விட்டா என்றுகூட நினைத்திருக்கிறேன். சேலை முழுக்கக் கருவாட்டுத் தண்ணி. அவிழ்த்தால் இரும்புத் தட்டு. அரை இஞ்சித் தடிப்பு, மேசை அகலம். விளிம்பெல்லாம் தேய்த்து மழுக்கியிருக்கிறது, கை வெட்டாமல். பக்கத்தில் இரும்புக் கால், இரட்டை வாய்க் காஸ் அடுப்பு, மரப்பிடி போட்ட இரண்டு தகடு.

கொத்துரொட்டித் தட்டு. கடையில் டக்கடக்க என்று கொத்துகிறதே, அது. தான் வேலைசெய்த பட்டறையில் இவரே வெட்டினது. வெல்டிங் தையல் பார்த்தால் தெரியும், இவர் வேலை கடைசியில் சின்னதாய் ஒரு சுழி விட்டு முடியும்.

என்னால் அசைக்க முடியவில்லை. தட்டு மட்டும் நூற்றிருபது றாத்தலுக்குக் குறையாது. முழுவதும் சரியாகக் கொக்கிக்கு மேலே. தராசு பிழையில்லை.

அபி எழும்பி வந்து பார்த்தாள். குளிருக்குள் ஒவ்வொரு நாளும் அப்பா பேஸ்மெண்டில் கொத்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவர், தான் பகிடி பண்ணினது என்றாள். “ஹீ செட் இட்ஸ் ஃபோர் யூ, அம்மா. அம்மாவை அடுப்புக்குக் கிட்ட விடமாட்டன் எண்டவர்.”

இதை ஏன் எனக்கு முந்திச் சொல்லவில்லை என்று ஏசினேன். கேட்டால்தானே சொல்ல என்றாள்.

சேலையைத் தோய்த்தேன். நாற்றம் போகவில்லை. திரும்பத் தோய்த்தேன்.

யூலை 12, சனி

அத்தான். கூட ஒரு தடித்த கயிறு, ஒரு தள்ளுவண்டி. தட்டைக் கண்டது எப்படித் தெரிந்தது? அபிதான், அவரின் பெட்டைக்கு. இந்தப் பிள்ளைகளின் போனை உடைக்க வேண்டும்.

தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் கதை வந்தது.

“அது நானும் தம்பியும் பிடிச்சு ஏத்தினது. அண்டைக்கே என்ர நாரி பிடிச்சு நிமிரேலாமப் போனது.”

“அப்ப உதுக்குள்ள குழாய் எண்டீங்கள். தராசு பிழை எண்டீங்கள்.”

“நீர் கண்டாப் பிறகு அழுவீர் எண்டு சொல்லேல்லை.”

அழுகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் அழவில்லை. பிறகு மெல்ல மெல்ல வந்தது. அவரின் மருமகன் சனி ஞாயிறில் வீட்டிலிருந்து கொத்து விற்கப் போகிறானாம். இப்படி ஒரு தட்டுக் கடையில் வாங்க ஏலாதாம். ட்ரெய்லரை ஆள் கொண்டுபோக முந்தி எடுத்துவிடலாம் என்று இருந்தாராம். உமக்கு எதுக்கு உது, நீர் தனியாள்.

இதுதான். இவ்வளவு நாளும் மலிவு, கொம்பனிக்காரன், தராசு என்று சொன்னதெல்லாம் இந்த இரும்புக்கு. அவரின் வாயோரத்தில் பிஸ்கட் தூள். அதைப் பார்க்க எனக்கு நேற்றுக் கருவாடு பார்த்த மாதிரி வந்தது.

கொடுத்தால் சுகம். பாரம் போய்விடும், மலிவுக் கொக்கி காணும், அத்தானும் வாயை மூடுவார். அதையும் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று எழுதமாட்டேன்.

“அது அவற்ர தட்டு, அத்தான். வைச்சிட்டுப் போங்கோ. ட்ரெய்லரும் விக்கிறதில்லை.”

எழும்பினார். கயிற்றைச் சுற்றினார்.

“ரோட்டில கவிண்டாப் பிறகு எனக்குப் போன் எடுக்காதையும்.”

எடுக்கமாட்டேன். தள்ளுவண்டியைக் கொண்டுபோக மறந்துவிட்டார். நல்லதாய்ப் போச்சு.

யூலை 13, ஞாயிறு

மப்பு. கடைக்கிழவனுக்கு அபி போன் பண்ணிக் கேட்டாள். பாரமான சாமான் முன்னுக்கும் வேண்டாம், பின்னுக்கும் வேண்டாம். பின்னுக்குப் போனால் வால் ஆடும். சக்கரத்துக்கு நேர் மேலே, நிலத்தோடு, பட்டி போட்டு இறுக்கு.

அத்தானின் தள்ளுவண்டியிலேயே தட்டை ஏற்றினோம். நானும் அபியும். அவள் நகம் ஒன்று போனது, ஆங்கிலத்தில் ஏசினாள். கதிரைக்கும் குசினிக்கும் நடுவில் படுக்கவைத்து இரண்டு பட்டி. இனி உள்ளே போக வர அதில் மிதித்துத்தான் போக வேண்டும். அடுப்பும் காலும் பக்கத்தில்.

திரும்பப் பலகை, கல், தராசு. மூன்றால் பெருக்கினேன். அறுநூற்றைம்பதுக்குக் கிட்ட.

மலிவுக் கொக்கி காணும். சின்னக் கம்பி, சங்கிலி போட்டது.

பகல் கடைக்குப் போய் எடுத்தோம். கிழவன் சரியான குண்டைப் பூட்டி, நீட்டுப் பிடி போட்ட சாவியால் தன் பலம் முழுக்கக் கொடுத்து இறுக்கினான். ஆட்டம் பிடிக்கிற கம்பியும் எடுத்தேன். அதில் மிச்சம் பிடிக்கவில்லை.

யூலை 16, புதன்

வேலை முடிந்து வந்து டிரைவ்வேயில். இருட்டுமுன் முடிக்க வேண்டுமென்று ஓட்டம்.

ட்ரக்கின் முன்சக்கரத்துக்கு மேலே நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று தையல் ரேப்பால் அளந்தோம், தனியே நிற்கும்போது. பிறகு ட்ரெய்லரைக் கொழுவி. எழும்பிவிட்டது. பிறகு வில்லுக்கம்பி போட்டுச் சங்கிலியை இழுத்து. நாலாம் கண்ணியில் காணாது. ஐந்தாம் கண்ணியில் முன்பக்கம் இறங்கிப் பழைய இடத்துக்குக் கிட்ட வந்தது. லைட் போட்டேன். வெளிச்சம் ரோட்டில். சீனக்கிழவியின் ஜன்னல் இருட்டாக இருந்தது. அவ இன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பா.

கிறீஸ் முழங்கை வரைக்கும். சேலை தோய்த்த அதே சவர்க்காரம் போட்டேன். இரண்டும் போகவில்லை.

ட்ரெய்லரோடு பின்னுக்கு எடுக்கப் பழகவில்லை. முன்னுக்குத்தானே போகப்போறன்.

யூலை 18, வெள்ளி

காற்று. நல்ல காற்று, மரம் சாயுது.

எடுத்தது: அரிசி வேண்டாம். முட்டை, வெங்காயம், கறிவேப்பிலை, மிளகாய், கடையில் உறையவைத்து விற்கிற ரொட்டிப் பைகள். கோழிக் கறி வைத்து ஐஸ்பெட்டியில். இவருடைய படம் எடுக்கவில்லை. அந்தப் படத்தில் வாய் கோணல், செத்தவீட்டுக்கென்று அத்தான் தெரிவு செய்தது.

எல்லாச் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நானே வைத்தேன். கோயிலும் இல்லை, ஐயரும் இல்லை. நசித்துக்கொண்டு ஏறினேன். பொச்சென்று ஒரு சத்தம். ட்ரெய்லர்ச் சக்கரத்தடியில் வைத்தது சறுக்கி எதிர்வீட்டு வாசலுக்கு ஓடியது.

சின்ன ரோட்டால் போகலாம் என்று அபி போனில் போட்டாள். ஆனாலும் ஒரு துண்டு 401 ஹைவே. ஓரத்து லேன். எல்லோரும் ஹோர்ன். அடியுங்கோ. சங்கிலி கீச்கீச் என்று கத்திக்கொண்டு வந்தது, கிழவன் சொன்ன மாதிரி.

அஜக்ஸ் வெளியேறுகிற இடம் தாண்டும்போது பெரிய லொறி ஒன்று பக்கத்தால் போனது. காற்று முதலில் தள்ளியது, பிறகு இழுத்தது. கண்ணாடியில் பார்த்தால் ட்ரெய்லரின் பின்பக்கம் வெளியே தெரியுது. உள்ளே போகுது. திரும்பத் தெரியுது. அபி கத்தினாள். பிரேக் அடிக்கக்கூடாது என்று எல்லாத் தாடியும் சொன்னார்கள். காலை எடுத்தேன். ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி பிடித்தேன். ஸ்ரியரிங்குக்குக் கீழே இவர் பூட்டிவைத்த சின்னப் பெட்டியில் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் விரலால் மெல்லத் தள்ளினேன். இன்னும் ஒரு தரம் ஆடியது. நின்றது.

அபி அழுதாள். எனக்குச் சிறுநீர் வந்துவிட்டது. எழுத வெட்கமில்லை.

பெற்றோல் ஸ்ரேசனில் உடுப்பு மாற்றினேன். அந்தக் கக்கூசைப் பற்றி எழுதவே மாட்டேன்.

எங்கள் இடம் நேரே உள்ளே விட்டு மற்றப் பக்கத்தால் வெளியே வருகிற இடம். பின்னுக்கு எடுக்கத் தேவையில்லை. இவர் பார்த்துத்தான் பதிந்திருக்கிறார்.

யூலை 19, சனி

காலை முழுக்க மழை. நுளம்பு. ஏரி சாம்பல் நிறம், கரையில் பச்சைப் பாசி, மீன் செத்த மணம். இதற்குத்தான் இவ்வளவும்.

மத்தியானம் விட்டது. தட்டை இறக்கிக் காலில் வைக்க ஆள் வேண்டும். பக்கத்து இடத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பொடியன். அபி கேட்டாள், ஒரு பக்கம் தூக்கினான், என்ன இது என்றான். சமைக்க என்றாள். முழுவதுமா என்றான்.

சூடேற ஒரு மணித்தியாலம். அரை இஞ்சி இரும்பு, காற்று வேறு. முதல் ரொட்டி ஒட்டிப் பிய்ந்தது, கரியாய்ப் போய் எறிந்தேன். இரண்டாவது ஒரு பக்கம் பச்சை. அபி தகடு பிடித்தாள், கை உளைகிறது என்று கதிரையில் போய் இருந்துவிட்டாள், போன்.

நான் எடுத்தேன். மரப்பிடி என் கைக்குப் பெரிது, அவர் கைக்கு வெட்டினது. வெங்காயம், முட்டை, ரொட்டி, கறி. டக்கடக்க டக்கடக்க. ஏரிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வருகிறது. மூன்று ட்ரெய்லர்க்காரர் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். பார்க் ஆள் வண்டியில் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனான். குறைக்கவில்லை.

உப்புக் கூட. நடுவில் கரி. அபி இரண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன்.

அடுப்புக்குக் கிட்ட விடமாட்டன் எண்டவராம். கடைசியில் கொத்தினது நான்.

கரடி வராமல் தட்டைக் கழுவி உள்ளே எடுக்க வேண்டும். இன்னும் தொட ஏலாது. சுடுகிறது.